தொட்டிமேல் ஒரு பந்தல்

சித்திரை 9 (ஏப்ரல் 22)

பகல் 12 மணி 12 நிமிடம். தொட்டியின் ஓரத்தில் நட்டு வைத்த பத்தடிச் சவுக்குக் கம்புக்கு நிழலே இல்லை. கம்பின் அடியில் சுற்றிக் கட்டியது போல ஒரு கறுப்பு வளையம், அவ்வளவுதான். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குனிந்து பார்த்தார். அளக்க ஒன்றுமில்லை.

திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டேகால் பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே ஏறும்போது ஏப்ரல் 22 வாக்கில் ஒருமுறை, தெற்கே இறங்கும்போது ஆகஸ்ட் 20 வாக்கில் இன்னொரு முறை, ஊரின் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். ஏப்ரலில் புதுச்சேரியில் இது ஒரு நாள் முன்னால் நடக்கும், சென்னையில் இரண்டு நாள் பின்னால். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. ஆனால் சொந்த வீட்டுக் கொல்லையில் அதைக் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பார்க்கவேண்டிய தேவை வந்துவிட்டது. வேட்டவலம் சாலைப் பக்கம், ஊருக்குத் தென்கிழக்கே, அவருடைய அப்பா காலத்துக் கிணறும் பம்புசெட் தொட்டியும் வீட்டுக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன. வயல் மனைகளாகிவிட்டது, தொட்டி மட்டும் நின்றது. தெற்கு வடக்காக இருபதடி, கிழக்கு மேற்காகப் பத்தடி, நாலரையடி ஆழம். போன வருடம் மகன் அதற்கு நீல டைல்ஸ் ஒட்டி, வடிகட்டியும் மோட்டாரும் வைத்து, பிள்ளைகள் நீச்சல் பழகும் குளமாக்கிவிட்டுப் போனான். டைல்ஸ் ஒட்ட வந்தவர், "வேர் உள்ளே வந்துடும் சார், இலையும் கொட்டும்" என்று சொல்லி, மேற்குப் பக்கம் நின்ற புங்க மரத்தை வெட்டச் சொன்னார். வெட்டியும் விட்டார்கள்.

இந்தக் கோடையில் பேரனும் பேத்தியும் வந்திருக்கிறார்கள். காலை பத்தரைக்கு மேல் டைல்ஸ்மேல் கால் வைக்க முடியவில்லை. மத்தியானத்தில் மேல்தண்ணீர் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருக்கிறது.

சித்திரை 13 (ஏப்ரல் 26)

பெரிய கோயிலில் வசந்த உற்சவம். கோடையில் சுவாமியையும் அம்பாளையும் மர நிழலுக்கு அழைத்து வருகிற திருவிழா இது. அருணாசலேஸ்வரர் கோயிலின் தலவிருட்சம் மகிழம். இரவில் உற்சவ மூர்த்திகள் அந்த மகிழ மரத்தைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொம்மை மேலிருந்து பூவைக் கொட்டும். பேத்தி கண்ணை எடுக்காமல் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்தது மரத்தை. மகிழம் மெதுவாக வளரும், ஆனால் எந்த மாதத்திலும் மொட்டையாக நிற்காது. கோடையிலும் இலை அடர்ந்திருக்கும்.

திரும்பும்போது சிவகங்கைத் தீர்த்தத்தின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். கிருஷ்ணதேவராயர் காலத்துத் திருப்பணி அது. 217 அடி ராஜகோபுர வேலை தொடங்கியதும் ஆயிரங்கால் மண்டபம் எழுந்ததும் அதே காலத்தில்தான். கோயில் குளங்களைக் கட்டியவர்கள் தண்ணீருக்கு மேல் கூரை போடவில்லை. கரையைச் சுற்றித்தான் மண்டபம் எழுப்பினார்கள். நிழல் மனிதருக்கு. தண்ணீருக்கு ஆழமே நிழல்: மேலே ஓரடி சுட்டாலும் கீழே குளிர்ந்திருக்கும். நாலரையடித் தொட்டிக்கு அந்த வசதி கிடையாது. படிக்கட்டின் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தால் கல்லையே பிளந்துவிடும் என்பதும் குளம் காத்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். டைல்ஸ்காரர் வேரைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை உண்டு என்று அன்றிரவு அவர் நோட்டில் எழுதி வைத்தார். மரத்தின் பேரில் தவறில்லை, அது நின்ற தூரம்தான் தவறு.

சித்திரை 21 (மே 4)

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கோயிலில் இன்றுமுதல் தாராபிஷேகம். மூலவருக்கு மேலே தாரா பாத்திரம் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக லிங்கத்தின்மேல் நீர் விழச் செய்வார்கள். பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். நெருப்பே உருவானவருக்குக் கத்திரி வெயிலில் நீர்த்தாரை! ஊர்க்காரர்களுக்கு இது ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய காட்சி. ஆனாலும் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு குளிர்ந்துதான் போகிறது.

வீட்டில் வேறொரு பாடம். காலை ஆறு மணிக்குத் தொட்டியில் குளோரின் போட்டார். பதினொரு மணிக்குச் சோதனைத் தாளை நனைத்தால் நிறமே மாறவில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தண்ணீரில் கரைந்த குளோரினை உடைத்துவிடும். மூடாத குளத்தில், வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் தாங்குமருந்து சேர்க்காவிட்டால், உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பொழுது சாய்ந்தபின் மருந்து போடுகிறார்கள். நிழல் என்பது உடம்புச் சுகத்துக்கு மட்டுமானதல்ல, பிள்ளைகள் தெரியாமல் விழுங்கிவிடும் தண்ணீரின் சுத்தமும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆவியாவதையும் கணக்குப் போட்டார். இருநூறு சதுர அடித் தொட்டியில் ஒரு நாளைக்கு ஏழு மில்லிமீட்டர் இறங்கினாலே 130 லிட்டர், ஏறக்குறைய பத்துக் குடம். தெருக்குழாயில் பத்துக் குடத்துக்கு வரிசையில் நின்ற ஊர் இது. அந்தக் கணக்கு அவருக்கு உறைத்தது.

சித்திரை 26 (மே 9)

பந்தல்காரர் வந்தார். தொட்டியை ஒரு சுற்று சுற்றினார். வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கீத்து போட்டுடலாம் ஐயா. கீத்துக்குக் கீழ இருக்கிற குளிர்ச்சி எதுலயும் வராது. நாலு மூலைக்கு நாலு சவுக்கு, மேல மூங்கில், அவ்ளோதான்."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தார். "ஏங்க, அடுப்பங்கரைக்கு ஒட்டினாப்ல கீத்து வேணாங்க. பசங்க இருக்கிற எடம்."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததைத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. சமையல் புகைபோக்கி பத்தடி தூரத்தில் இருக்கிறது. கீற்றின் தும்பும் பூச்சியும் தண்ணீரில் விழும் என்பது அதற்கு அடுத்த காரணம்.

மிச்சம் இருப்பது நிழல் வலை. நாற்றங்கால்களில் கட்டுகிற அதே பச்சை வலைதான். 35, 50, 75, 90 என்று சதவீதக் கணக்கில் கிடைக்கும், எவ்வளவு வெயிலைத் தடுக்கிறது என்பதுதான் அந்த எண். வெற்றிலைக் கொடியும் நர்சரிக் கன்றும் ஐம்பதில் பிழைக்கும். பிள்ளைகள் குளிக்குமிடத்துக்கு 75 வேண்டும். 90-க்குப் போனால் காற்று தேங்கிப் புழுங்கும் என்றார் பந்தல்காரர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

தண்ணீரை மூடப் பார்த்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். 2015-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் குடிநீர்த் தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டது. தண்ணீர் மிச்சம் ஒரு பக்கம், வெயில் பட்டுத் தண்ணீரில் வேண்டாத ரசாயனம் உண்டாவதைத் தடுப்பது முக்கியமான நோக்கம். குஜராத்தில் மேசானா மாவட்டத்துச் சந்திராசன் கிராமத்தில், நர்மதைக் கிளைக்கால்வாயின்மேல் 750 மீட்டர் நீளத்துக்குச் சூரிய மின்தகடுகளைப் பாலம் போலப் பரப்பினார்கள். 2012-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. நிழலும் கிடைத்தது, ஒரு மெகாவாட் மின்சாரமும் கிடைத்தது.

நம் பக்கத்தில் 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. ஊரெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தது. சாத்தனூர் அணையில் பல கோடை கழித்த அவருக்கு அதில் சிரிக்கத் தோன்றவில்லை. அணை நீரைக் காப்பாற்ற நினைத்தது சரியான நினைப்பு. விட்டுப்போனது காற்றின் கணக்கு. வலை கட்டினாலும் அதே காற்று வரும். மே மாதச் சாயங்காலங்களில் இடியோடு சுழன்றடிக்கும் கோடை மழைக்காற்றைப் பார்த்தவர்கள் நாலு மூலையை இறுக்கிக் கட்ட மாட்டார்கள்.

வைகாசி 1 (மே 15)

இன்று முழுநாளும் கம்போடு கழிந்தது. நோட்டில் எழுதியதை அப்படியே சொல்லலாம்.

பகல் 12.10: நிழல் ஓரடிக்குச் சற்று மேல். அது விழுந்த பக்கம் தெற்கு! சூரியன் ஊரைத் தாண்டி வடக்கே போய்விட்டது. கோடை முடியும்வரை மத்தியான நிழல் தெற்கே சாய்ந்துதான் விழும். மேல்நாட்டுப் புத்தகங்களில் "தெற்குப் பக்கம் மரம் நடு" என்று படித்துவிட்டு வைத்தவர்களின் மரம், இந்த ஊரில் மே மாதத்துக் குளத்துக்கு உதவாது.

மூன்று மணி: நிழல் ஏறக்குறைய ஒன்பதடி, கிழக்கே.

நாலு மணி: பதினாலரை அடி.

இதில்தான் விஷயம் புரிந்தது. தொட்டிக்கு நேர்மேலே, பத்தடி உயரத்தில், தொட்டியளவுக்கே ஒரு பந்தல் போட்டால் மூன்று மணிக்கு அந்தப் பந்தலின் நிழல் எட்டரையடி கிழக்கே நகர்ந்திருக்கும். பத்தடி அகலத் தொட்டியில் ஒன்றரையடிதான் நிழலில் இருக்கும். மிச்ச நிழலெல்லாம் கொல்லையில் துவைக்கும் கல்லுக்குப் போய்ச் சேரும். பிள்ளைகள் தூங்கி எழுந்து தண்ணீருக்கு ஓடிவருகிற நேரம் அது. பணம் செலவழித்துப் பந்தல் போட்டு, தேவையான வேளையில் வெயிலில் நிற்கவேண்டிவரும்.

வெட்டிப்போட்ட புங்க மரம் நின்றது மேற்கே. அவருடைய அப்பாவுக்குப் பாகைக் கணக்கு தெரியாது. நாற்பது கோடை மத்தியானங்களில் களைத்து வந்து தொட்டியோரம் உட்கார்ந்தவர் அவர். மரத்தின் இடம் அப்படித்தான் முடிவானது.

மாலை ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. அஸ்தமனத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. கோடையில் அந்தத் தெருவுக்கு மலையே மேற்குத் தட்டி. மார்கழியில் சூரியன் தெற்கே விலகிப் போய் விழும், மலை நிழல் வராது, அப்போது அது வேண்டியதுமில்லை.

வைகாசி 5 (மே 19)

விடியற்காலை கிரிவலம். 14 கிலோமீட்டரில் ஏழு மணிக்கு மேல் நடக்கிறவர்களின் கால் தானாக மர நிழலுக்கு ஒதுங்குகிறது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் தார்ச்சாலையை விட்டு மண்ணுக்கு இறங்குகிறார்கள். 2016-ல் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு வெட்டுவதை நிறுத்தியது. அன்று தப்பித்த மரங்களின் கீழ்தான் இன்று இளநீர்க்காரர்களும் காலாற உட்கார்ந்த பாட்டிகளும் இருக்கிறார்கள்.

ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1-ல் இந்த ஊருக்கு வந்த புதிதில் கோயிலுக்குள் ஓர் இலுப்பை மரத்தடியில் இருந்தார். பிறகு 1899 முதல் 1916 வரை விருபாட்சி குகை. கோடையில் அங்கே தண்ணீர் வற்றிவிடும். அப்போது அவரும் உடனிருந்தவர்களும் முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமரக் குகைக்கு இறங்கிவிடுவார்கள். நீர் இருந்த இடத்துக்கு மாமரத்தின் பெயர் அமைந்திருக்கிறது.

வரும் வழியில் ஒரு நர்சரியில் புங்கங்கன்று வாங்கினார். வேம்பு இலை உதிர்த்துத் துளிர்த்தாலும் சித்திரையில் பூவைத் தண்ணீரில் கொட்டும். வாகை, கோடையில் பாதி நாள் மொட்டையாக நிற்கும். புங்கம் மாசி பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, கத்திரி வருவதற்குள் புது இலை மூடி நிற்கும். இலை கொட்டும் காலத்தில் தொட்டியில் யாரும் நீந்துவதில்லை. வேருக்காகத் தொட்டியிலிருந்து மேற்கே பதினைந்தடி தள்ளிக் குழி வெட்டினார். நாலு மணி வெயிலுக்கு இருபத்தைந்தடி மரத்தின் நிழல் தாராளமாகத் தொட்டியைத் தாண்டும்.

வைகாசி 10 (மே 24)

பந்தல் எழுந்து மூன்று நாளாகிறது. எட்டடி உயரம், அதற்குமேல் வேண்டாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார்: உயரம் கூடக்கூட நிழல் தள்ளிப் போகும். கூரை வலை தொட்டிக்கு மேற்கே ஆறடி நீண்டிருக்கிறது. அந்த மேற்கு விளிம்பில் மட்டும் நாலடிக்குக் கீற்றுத் தட்டி, அடுப்பங்கரைக்கு எதிர்க்கோடியில். பந்தல்காரருக்கும் அதில் ஒரு திருப்தி. வலையின் மூலைகளை இரும்புக் கம்பியில் கட்டாமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார்கள்.

நேற்று ராத்திரி அடித்தது காற்று. மாமரத்துக் கிளை ஒன்று முறிந்து கிடந்தது. வலை படகுப் பாய் போல உப்பியது, டியூப் இழுபட்டுக் கொடுத்தது, விடியும்போது இருந்த இடத்தில் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் முடிச்சு நழுவியிருந்தது.

இன்று மூன்றேகால் மணி. பேரன் தொட்டியின் மேற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கிறான். நிழலின் விளிம்பு தண்ணீரைத் தாண்டித் துவைக்கும் கல்வரைக்கும் போயிருக்கிறது. பேத்தி கரையில் உட்கார்ந்து, அளவெடுத்த கம்பு எங்கே என்று கேட்டாள்.

புங்கங்கன்றுக்கு அணைக்கம்பாக அதை நட்டாகிவிட்டது. கன்று அதன் இடுப்பளவுகூட இல்லை. கம்பின் நிழல் நீண்டு, தொட்டியின் ஓரத்தை எட்ட இன்னும் சில அடி இருந்தது.