சிக்கனமாய்ச் சென்னை கண்டோம்

வண்டிப்பெரியாருக்கு இரயில் இல்லை. ஆதலின் நாங்கள் இருவரும் மலையிறங்கித் தேனிக்கு வந்து, 2023 ஜூனில் ஓடத் தொடங்கிய போடி–சென்னை வண்டியில் ஏறினோம். இரயில்வே எழுத்தர் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. தங்கும் செலவே அச்சுறுத்தியது. விடுதிகளை நாடாமல், சென்ட்ரல் நிலைய ஓய்வறையில் இரண்டு இரவு கழித்தோம். காலையில் 5 ரூபாய்ச் சீட்டில் பூங்கா நிலையத்திலிருந்து எழும்பூர் சேர்ந்தோம். அங்கே 1851-இல் தோன்றிய அருங்காட்சியகத்தில், திருவாலங்காட்டு நடராசர் முன் எம் இல்லாள் அரைமணி நேரம் நின்றுவிட்டாள்.

மாலையில் மெரினா. சுண்டல் விற்ற அம்மாள் ஊர் கேட்டார், சொன்னோம்.

"கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே!" என்று வியந்தார்.

மலைமேல் நாம் பாண்டிக்காரர், இங்கே மலையாளிகள்!

"எங்க தாத்தா கம்பத்துக்காரரும்மா. கொழுந்தெடுக்க மலையேறினவர்" என்றாள் இல்லாள்.

"அப்போ நம்ம பொண்ணு" என்று இன்னொரு கை சுண்டல் அள்ளி வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.