பாரிஸில் மூன்று மணி நேரம்

ஐரோப்பாவில் புகைவண்டிப் பிரயாணம் செய்வோருக்குப் பாரிஸ் பட்டணம் ஒரு சிறு தொந்தரவு கொடுப்பதுண்டு. எல்லாத் திசைகளுக்கும் பொதுவான ஸ்டேஷன் அங்கே கிடையாது. லண்டன் வண்டி வடக்கு ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. ஜினீவா வண்டியோ நகரின் தென்கிழக்கேயுள்ள லியோன் ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிறது. நமக்கு இடையே மூன்று மணி நேரம் அவகாசம் இருந்தது. ஈபெல் கோபுரத்துக்கு ஓடிவிட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்புவதில் நமக்கு மனமில்லை. ஸ்டேஷன் முகப்பில் நிற்கும் 23 சிலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு வடக்கு நோக்கி நடந்தோம்.

பத்து நிமிஷத்தில் லா ஷாபெல் என்னும் பேட்டை வந்தது. அப்பெயருக்குச் சிற்றாலயம் என்பது பொருள். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து! முருங்கைக்காய், கருவாடு, புழுங்கலரிசி, பனங்கட்டி எல்லாம் உண்டு.

1910-ஆம் ஆண்டில் லண்டன் போலீஸாருக்கு அகப்படாமல் தப்பிய வ. வே. ஸு. ஐயர் பாரிஸில் தங்கிப் பின்னர் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். அவருக்கு இந்நகரம் வழித்தங்கல். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர் மீது நடந்த கொடுமைக்குப் பின் இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர்க்கோ தங்கலே வாசமாகிவிட்டது.

ஸ்டேஷன் பாலத்தருகே ஒரு பழைய நாடகசாலை இருக்கிறது. பீட்டர் புரூக் என்னும் ஆங்கிலேயர் 1985-இல் அவிஞோனில் அரங்கேற்றிய ஒன்பது மணி நேர மகாபாரதத்தைப் பிறகு இங்கேதான் நடத்தினார். அதே 1985-இல்தான் ஈழத்தமிழர் இப்பேட்டையில் மாணிக்க விநாயகருக்குக் கோயில் எடுத்தார்கள். பாண்டவர் வனவாசத்தைப் பிரெஞ்சுக்காரர் டிக்கட் வாங்கிப் பார்த்த காலத்தில், அடுத்த தெருவில் மெய்யான வனவாசம் நடந்துகொண்டிருந்தது. இப்போது கோயில் பஜோல் தெருவில் இருக்கிறது. வருஷந்தோறும் ஆவணியை ஒட்டித் தேர் புறப்படும்போது, உடைக்கும் தேங்காய்கள் தெருவில் குன்றாய்க் குவியுமாம்.

ஒரு மளிகைக் கடையில் நுழைந்தோம். கல்லாவருகே இரண்டு சிறுவர்கள் தமிழ் வாசக புஸ்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தங்களுக்குள் சண்டை பிரெஞ்சில். தகப்பனாரிடம் முறையீடு தமிழில். பள்ளிக்கூடத்து வாத்தியாரான நாம் இதில் எந்த மொழி ஜெயிக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

"ஐயா எங்கை இருந்து வாறியள்?" என்றார் கடைக்காரர்.

"மணலூர்பேட்டை. திருவண்ணாமலைக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார்."

"பிறகு?"

"நீராடிவிட்டுத் தம் ஊருக்கே திரும்பிவிடுவார்."

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "அவருக்குத் திரும்ப வழி இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் வரேக்கை ஆறு மாசம் எண்டுதான் அம்மாவுக்குச் சொன்னனான்" என்றார்.

நாம் மேலே கேட்கவில்லை. பெரிய பையனின் ஏட்டை வாங்கிப் பார்த்தோம். 'ஊர்' என்று ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

வண்டிக்கு நேரமாயிற்று. பனங்கட்டிப் பொட்டலத்துக்கு எவ்வளவு மன்றாடியும் அவர் காசு வாங்கவில்லை. வடக்கு ஸ்டேஷனிலிருந்து பூமிக்கடியில் ஓடும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் லியோன் ஸ்டேஷன். ஜினீவா வண்டி தயாராய் நின்றது.