நாற்காலியின் இடப்பக்கம்

நாளிதழ் ஒன்றின் திருச்சிப் பதிப்பில், மனை விற்பனைக்கும் மணமகள் தேடலுக்கும் நடுவே, பல் மருத்துவமனைக்குப் பெண் உதவியாளர் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை என்று இரண்டு வரி விளம்பரம் கண்டிருந்தது. மனிதருடைய வாய்க்குள் ஊசியும் சுழலும் கருவியும் போய்வரும் ஒரு தொழிலில் அனுபவமே அவசியமில்லாத ஸ்தானம் எவ்வாறு இருக்கக்கூடும் என்ற சந்தேகம் எனக்கு உண்டாகவே, மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாகத் தில்லைநகர் டாக்டர்களை எல்லாம் நெடுங்காலமாகப் பார்த்துவரும் நண்பர் ஒருவரிடம் அதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, தமக்குப் பழக்கமான பல் மருத்துவமனை ஒன்றுக்கு என்னை அழைத்துப் போய், "டாக்டர், இவர் உங்களைப் பார்க்க வரவில்லை, உங்களுக்கு எதிரே உட்காருகிறவர்களைப் பார்க்க வந்திருக்கிறார்" என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

டாக்டரம்மாள் அதை விபரீதமாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி சம்மதித்தால், முகக் கவசம் அணிந்து சுவரோரமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று அனுமதி தந்தார். அங்கே உதவியாளர் இருவர். ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவர். டாக்டரம்மாள் உட்பட எல்லோருக்கும் அவர் பெரியக்கா. மற்றவள் லால்குடியிலிருந்து காலை ரயிலில் வரும் பெண். பிளஸ் டூ முடித்தவள். வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவளுக்குப் பெரியக்கா சொல்லிக்கொடுத்ததையே நானும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டேன்.

முதற்பாடம் உட்காருவது. நோயாளியின் முகத்தைக் கடிகார முகமாகவும், உச்சந்தலையைப் பன்னிரண்டு மணியாகவும் பாவித்துக்கொண்டால், வலக்கைப் பழக்கமுள்ள டாக்டருக்கு உரிய எல்லை ஏழிலிருந்து பன்னிரண்டு. உதவியாளருக்கு உரியது இரண்டிலிருந்து நான்கு, அதாவது நாற்காலியின் இடப்பக்கம். கருவிகள் கை மாறுவதற்கு உரியது மோவாய்க்குக் கீழே, நான்குக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட பகுதி. உதவியாளரின் ஆசனம் டாக்டருடையதைவிடச் சில அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டரின் கைக்கு அப்பால் வாய்க்குள் நடப்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்த நியாயமெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது. நடைமுறையில் எத்தனையோ மருத்துவமனைகளில் உதவியாளருக்கு ஸ்டூலே கிடையாது. தாம் முதலில் வேலை பார்த்த இடத்தில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்ததாகவும், கெண்டைக்காலில் புடைத்து முறுக்கிக்கொண்ட நரம்புகள் அந்த நாட்களின் சம்பாத்தியம் என்றும் பெரியக்கா புடவைக் கரையைச் சற்றே உயர்த்திக் காட்டினார்.

தட்டில் மிரர், புரோப், ட்வீசர் ஆகியவற்றை வரிசை மாறாமல் வைப்பது, பற்களை எண்ணால் அறிவது, அதாவது முப்பத்தாறு என்றால் கீழ் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல் என்று யோசிக்காமலே புரிந்துகொள்வது, இவையெல்லாம் சில நாட்களில் மனப்பாடமாகிவிடுகின்றன. வேர் சிகிச்சைக்குரிய ஊசிகளின் அளவுகள், நிறங்கள், சீட்டு எழுதுவது, பணம் வாங்குவது முதலியவற்றை நான் இங்கே விட்டுவிடுகிறேன். என்னுடைய கவனத்தை எல்லாம் ஒரே ஒரு சாதனம் கவர்ந்துகொண்டுவிட்டது. அது சக்‌ஷன் குழாய்.

பார்ப்பதற்கு அற்பமான அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. முற்காலத்துப் பல் மருத்துவர் நின்றுகொண்டும், நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். குடைகருவி மெல்லச் சுழன்றது. வாயில் ஊறியதை நோயாளி பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினார். 1957ஆம் ஆண்டில் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் ஏரோட்டர் சந்தைக்கு வந்தது. காற்றின் விசையால் நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான முறை சுழலும் அந்தக் கருவி, பல்லைத் தொட்ட மாத்திரத்தில் உண்டாக்கும் உஷ்ணம் உள்ளிருக்கும் உயிர்த்தசையையே கொன்றுவிடக்கூடும் ஆதலால், அதன் முனையில் ஓயாமல் தண்ணீர் பீச்ச வேண்டியதாயிற்று; தண்ணீர் பீச்சினால் வாய் நிரம்பும்; மல்லாந்து படுத்திருக்கும் நோயாளிக்கு அது தொண்டையில் இறங்கும்; கண்ணாடியில் பட்டு டாக்டரின் பார்வையை மறைக்கும்; எனவே அதை அப்போதைக்கப்போது உறிஞ்சி எடுக்க இன்னொருவருடைய கை இன்றியமையாததாயிற்று. டாக்டருக்கு இரண்டு, உதவியாளருக்கு இரண்டு என்று நான்கு கைகள் சேர்ந்து செய்யும் இன்றைய சிகிச்சை முறை, வேகத்தினால் வந்த தண்ணீரின் விளைவு என்றே சொல்லிவிடலாம்.

அந்தப் பெண் சக்‌ஷன் பிடிக்கக் கற்றுக்கொள்வதை ஒரு பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் ஒரு பெரியவர், கடைவாயில் சொத்தை. டாக்டரம்மாள் ஏரோட்டரை எடுத்தார். பெண் காத்திருந்தாள்; கருவி வாய்க்குள் போனபிறகு தன் குழாயை நுழைக்க இடம் தேடினாள். பெரியக்கா பின்னாலிருந்து மெதுவாக, "நீ முந்திக்கணும் பாப்பா. ஒன்னோட குழா மொதல்ல போவணும், டாக்டரம்மா கை அப்புறந்தான்" என்றார். மறுமுறை குழாய் முந்திக்கொண்டது. ஆனால் அதன் வாய் கன்னத்தின் உட்சதையைக் கவ்விக்கொண்டு 'கிர்'ரென்று சத்தமிட்டது. பெரியவர் திடுக்கிட்டார். பெரியக்கா அவள் மணிக்கட்டை இலேசாகத் திருப்பிவிட்டார். குழாயின் சாய்வாக வெட்டிய வாய் பல்லின் பக்கவாட்டுக்கு இணையாகத் திரும்பியதும் சத்தம் தணிந்தது; தண்ணீர் வந்த வேகத்திலேயே மறைந்தது; நாக்கு குழாயின் முதுகில் ஒதுங்கி நின்றது. அண்ணத்தின் பின்பகுதியில் பட்டுவிட்டால் குமட்டும். நாவின் அடியில் அழுத்தினால் வலிக்கும். உறிஞ்சுவதும், நாக்கையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிப்பதும், டாக்டரின் வெளிச்சத்தை மறைக்காதிருப்பதும் ஆகிய மூன்று காரியங்களை வலக்கை ஒன்றே செய்ய வேண்டும்; ஏனெனில் இடக்கை கருவி கொடுப்பதற்கு உரியது.

"தாத்தா, குழாயச் சப்பாதீங்க, ஒதட்ட மூடாதீங்க" என்று பெரியக்கா இடையில் எச்சரித்தார். அதிலும் காரியம் உண்டு. உமிழ்நீர் எடுக்கும் மெல்லிய குழாயை உதட்டால் இறுக மூடினால், குழாய்க்குள் ஏற்கெனவே போனது திரும்பி வாய்க்குள் வந்துவிடலாம். அதில் முந்திய நோயாளியினுடையதும் கலந்திருக்கலாம். ஆகையால் ஒவ்வொருவருக்கும் முனையை மாற்றுவதோடு நில்லாமல், குழாயினுள் சுத்தமான தண்ணீரை இழுத்துவிட வேண்டும். மாலையில் வடிகட்டியைக் கழற்றி, ரத்தமும் பல்தூளும் சிமெண்டுத் துணுக்கும் கூழாய்த் திரண்டிருப்பதைக் கழுவ வேண்டும். அந்த நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதைக் கழுவுகிறவர் யார் என்பதை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கருவி கை மாறும் லாகவமும் பார்க்கத் தகுந்ததே. பெரியக்கா புதிய கருவியைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து, டாக்டரம்மாளின் கையிலுள்ள பழைய கருவிக்கு இணையாகக் கொண்டுபோய், அதே இடக்கையின் சுண்டுவிரலால் பழையதை வாங்கிக்கொண்டு, புதியதை அவர் விரல்களுக்கிடையே வைத்துவிடுகிறார். டாக்டரம்மாளின் கண் பல்லைவிட்டு நகர்வதில்லை. 'அதைக் கொடு, இதைக் கொடு' என்ற பேச்சும் இல்லை. ஊசி போடும் சிரிஞ்சு மாத்திரம் நோயாளியின் கண்ணுக்கு மேலே ஒருபோதும் போவதில்லை. மோவாய்க்குக் கீழாகப் போய்வருகிறது. பயன்படுத்திய ஊசியின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மூடக் கூடாது. தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் செலுத்தித்தான் மூட வேண்டும்.

பல் செட்டுக்கு அளவு எடுக்க அல்ஜினேட் கலக்குவதும் அவர்கள் வேலை. ரப்பர்க் கிண்ணத்தில் பொடியும் தண்ணீரும் இட்டு, கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு அழுத்தித் தேய்க்க வேண்டும். இட்லி மாவுப் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாக, பளபளப்போடு வந்தால் சரி. கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாயிருந்தால் டிரேயில் நிரப்புவதற்குள்ளேயே இறுகிவிடும் என்பதால் ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. எடுத்த அளவில் தாமதமின்றி ஸ்டோன் மாவு ஊற்றாவிட்டால், ஈரம் உலர்ந்து அது சுருங்கிவிடும். செட் வாயில் பொருந்தாது. பழி டாக்டருக்கு வரும். ஏச்சு உதவியாளருக்கு வரும்.

பெரியக்கா தொழிலுக்கு வந்தது 1980களின் நடுவில். தகப்பனார் திடீரென்று காலமாகிவிட, தம்பிகளைப் படிக்கவைக்க வேண்டி, பத்தாவது முடித்த கையோடு தெரிந்தவர் சொல்லி ஒரு டாக்டரிடம் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். ஒருநாள் உதவிக்கு இருந்தவர் வராமற்போகவே, விளக்குமாற்றை வைத்துவிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னார்கள். அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. பல்லில் அடைக்கும் அமால்கத்தை அந்நாளில் கையால்தான் தயாரிக்க வேண்டும். வெள்ளி கலந்த உலோகத் தூளையும் பாதரசத்தையும் சிறு கண்ணாடி உரலில் இட்டு அரைத்து, துணியில் முடிந்து முறுக்கி, மிகுதியான பாதரசத்தைப் பிழிந்து எடுப்பார்கள். கையுறை என்பது கிடையாது. "முத்து முத்தா ஓடும் சார். கீழ விழுந்ததக் காகிதத்துல ஒதுக்கி எடுத்துப் புட்டியில போட்டு வப்போம்" என்றார் பெரியக்கா. ஒருநாள் அம்மா போட்டுவிட்டிருந்த மெல்லிய தங்க மோதிரம் தம் விரலில் வெள்ளை வெளேரென்று மாறிப்போயிருக்கக் கண்டு, எங்கோ ஏமாந்து போலித் தங்கம் வாங்கிவிட்டதாக வீட்டில் பெரிய சண்டையே நடந்ததாம். தங்கத்தோடு பாதரசம் கலந்துவிடும் என்பதை அவருக்கு ஆசாரிதான் சொன்னார். பாதரசத்தின் உபயோகத்தைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கை உலக நாடுகளிடையே ஏற்பட்டபோது, அமால்கமும் அதில் இடம்பெற்றது. அந்தச் செய்தியை நான் சொன்னபோது பெரியக்கா, "அப்ப நாங்க புழிஞ்சதுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் துடைக்கலானார்.

இந்தத் தொழிலின் ஆரம்பம் கௌரவமானதாகவே இருந்தது. 1885இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் பெண்மணி ஒருவரை உதவிக்கு அமர்த்தினார். அதன் பயனாகக் குலஸ்திரீகள் ஆண்துணை இல்லாமலே சிகிச்சைக்கு வரத் துணிந்தார்கள். 1924இல் ஜூலியட் சதர்டு என்ற உதவியாளர் அந்நாட்டில் தம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கமே ஸ்தாபித்தார். நம் தேசத்தில் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், மருத்துவர், பற்சுகாதாரப் பணியாளர், பல் மெக்கானிக் ஆகிய மூவருக்குப் பதிவேடு வகுத்தது. நாற்காலியின் இடப்பக்கத்தில் உட்காருகிறவருக்கு அதில் ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை.

காலியான இடத்தில் தரகன் முளைப்பது உலக இயற்கை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகையை மாட்டி, சில மாதங்களில் டிப்ளமோ, நூறு சதவிகித வேலை உத்தரவாதம் என்று எழுதி, கிராமத்துத் தகப்பனின் கைக்கடனையும் தாயின் தோட்டையும் கட்டணமாக வாங்கிக்கொண்டு, ஏரோட்டரின் படத்தைச் சுவரில் காட்டிப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த லால்குடிப் பெண்ணும் அப்படி ஒரு தாளோடு வந்தவள்தான். உண்மையான சக்‌ஷன் குழாயை அவள் முதலில் தொட்டது இந்த மருத்துவமனையில். வேலை தேடிக் கொடுத்ததற்காக அந்தப் பயிற்சிக்காரர் முதல் மாதச் சம்பளத்திலும் பங்கு கேட்டார் என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொள்வது பிரயாசையாக இருந்தது. கற்பிப்பவர் பெரியக்கா, அவருக்குக் குருதட்சிணை இல்லை. கற்பிக்காதவருக்குக் கட்டணம், கமிஷன், இரண்டும் உண்டு. டாக்டர்களும் இதில் முழுக்க நிரபராதிகள் அல்லர். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குக் கிடைக்கும் சம்பளம்கூட இங்கே பலருக்கு இல்லை. ரத்தத்தோடு புழங்குகிறவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணையில் போட வேண்டிய மஞ்சட்காமாலைத் தடுப்பூசியைத் தம் செலவில் போடாமல், "நீங்களே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. வாங்கும் தட்டுகளுக்கும் மிஷின்களுக்கும் தவணை கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தவணை தெரியாமற்போவது ஆச்சரியமே.

எனக்கு ஒரு சிறு யோசனை தோன்றிற்று. ஓராண்டு வேலை பார்த்த உதவியாளருக்கு, இவள் சக்‌ஷன் பிடிப்பாள், அளவுக்குக் கலந்து கொடுப்பாள், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை நடத்துவாள், இன்னின்ன சிகிச்சையில் துணையிருந்தவள் என்று டாக்டர் தம் லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த மாடிப்படிப் பலகைகளில் பாதி தாமாகக் கழன்று விழுந்துவிடாதா? நாலு டாக்டர்களிடம் வேலை பார்த்த பெரியக்காவிடம் அத்தகைய காகிதம் ஒன்றுகூட இல்லை. மத்தியானத் தேநீர் வேளையில் இதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

"எழுதிக் குடுக்கறதுல என்னா கஷ்டம் சார்? அதக் கையில வச்சுக்கிட்டு இந்தப் புள்ள அடுத்த கிராஸ்ல போயி அஞ்சாயிரம் கூடக் கேக்கும். அதான் யாரும் எழுத மாட்டாங்க" என்றார் பெரியக்கா, டாக்டரம்மாள் இருக்கிறார் என்ற கூச்சம் இல்லாமலே. டாக்டரம்மாள் சிரித்தார், மறுக்கவில்லை. நியாயமான சம்பளம் கொடுக்கிற டாக்டருக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பயம் வேண்டியதில்லை. கொடுக்காதவருக்கு அந்தப் பயம் இருப்பதே நல்லது.