அப்பாவைச் செல்போனுக்குள் வரைந்த பிள்ளை

படப்புத்தகத்தில் குடும்பம் என்றாலே பேப்பர் படிக்கும் அப்பா, சமையலறையில் அம்மா, ஒரு பையன், ஒரு பொண்ணு. எங்கள் தருமபுரத்துத் தெருவில் அப்படியொரு வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். அப்பா துபாயில், அம்மா வேலைக்கு, வளர்ப்பது அப்பாயி. 'என் குடும்பம்' வரையச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்பாவைச் செல்போனுக்குள் வரைகிறது. சரியாகத்தானே வரைந்திருக்கிறது!

இப்படி வேறு மாதிரிக் குடும்பங்களைக் காட்டியதற்காக 2014-இல் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் சிறுவர் பிரிவிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்தது. ஒன்றில் இரண்டு ஆண் பெங்குவின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்க்கும். நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் நிஜமாகவே நடந்தது. இன்னொன்று, சீனாவுக்குக் குழந்தை தத்தெடுக்கப் போகிறவர்கள் கதை. எடுத்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது. பெற்றோர் பிள்ளைகளோடு நூலகக் கட்டடத்திலேயே உட்கார்ந்து வாசித்தார்கள். இந்த இரண்டு புத்தகங்களும் பெரியவர்கள் பிரிவுக்குப் போய்த் தப்பின. மூன்றாவது அதற்குள் கூழாகிவிட்டது. பெங்குவினைப் பார்த்து எந்தப் பிள்ளை கெட்டுப்போகும்?

நம்மூர் யாழ்மூரிநாதர் கோயில் கதையையே யாராவது படப்புத்தகமாக வரையலாம். ஊர் ஊராய்ப் பாடிப் போகும் பிள்ளை சம்பந்தர். கூடவே யாழோடு நீலகண்ட யாழ்ப்பாணர், அவர் மனைவி மதங்கசூளாமணி. சாதி வேறு, ரத்த உறவும் இல்லை; ஆனாலும் ஒரு குடும்பம்தான். யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர் இது. யாழால்தான் சம்பந்தர் பாட்டுக்கே பெருமை என்று இங்கே சொந்தக்காரர்கள் அடித்த தம்பட்டத்துக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கணும்.