யார் குரலில் சொல்வது?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நாம் நன்கறிந்த பழமொழி. சோற்றுக்கு அது பொருந்தும். மனிதர்களுக்கும் பொருந்துமா? ஆட்டிசத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல் இக்கேள்வி என் மனத்தில் அடிக்கடி எழுகிறது.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இளமையிலேயே தோன்றி, வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு வேறுபாடு. ஆட்டிசம் உள்ளவர்கள் பிறருடன் பேசிப் பழகும் முறையும் ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணரும் விதமும் மாறுபட்டிருக்கும். ஆனால், அந்த மாறுபாடு எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவார். இன்னொருவருக்குக் குளிக்கவும் உண்ணவும் பிறர் உதவி தேவைப்படும்.

1988ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரெயின் மேன்' என்ற அமெரிக்கத் திரைப்படம் ஆட்டிசத்தை உலகறியச் செய்தது. அதில் வரும் ரேமண்ட் என்பவர், தரையில் சிதறிய பல்குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் 246 என்று எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார். அவராக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் ஆஸ்கார் விருது பெற்றார். ஆட்டிசம் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களும் அதனைத் தெரிந்துகொண்டார்கள் என்று பெற்றோர் பலர் மகிழ்ந்தனர். ஆயினும், ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு அப்படம் ஒரு சுமையாகவும் ஆனது. 'உங்களிடம் என்ன அபூர்வத் திறமை இருக்கிறது?' என்ற கேள்வியை அவர்கள் சந்திக்க வேண்டியதாயிற்று. உண்மையில் அத்தகைய திறமை சிலருக்கே உண்டு. அக்கதை உருவாகத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்பவருக்கு இருந்தது ஆட்டிசம் அன்று, வேறொரு மரபணு நிலையாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் பின்னாளில் கருதினர். ஒரு சோற்றைக் கொண்டு பானை முழுவதையும் அளந்ததால் வந்த குழப்பம் இது.

படத்தை அடுத்து, குரலைப் பற்றிய கருத்து வேறுபாடு வலுத்தது. ஆட்டிசத்தைப் பற்றி ஊராரிடம் பேசவேண்டியவர் யார்? நெடுங்காலம் மருத்துவர்களும் பெற்றோர்களுமே பேசிவந்தனர். 1993ஆம் ஆண்டில், ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர் பெற்றோர்களை நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை கிடைக்கவில்லையே என்று வருந்தலாம். ஆனால், கண்முன் நிற்கும் பிள்ளையைத் துக்கத்திற்குரியவனாகப் பார்க்காதீர்கள் என்பதே அதன் சாரம். அதைப் படித்துத் தெளிவு பெற்ற பெற்றோரும் உண்டு. மனம் புண்பட்டவர்களும் உண்டு.

2007ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரில் ஒரு விளம்பரத் தொடர் வெளியானது. பிள்ளையைக் கடத்திச் சென்றவன் எழுதிய மிரட்டல் கடிதம்போல அது அமைந்திருந்தது. 'கடத்தியவன்' வேறு யாருமல்லன்; ஆட்டிசமே! மக்களை விழிப்படையச் செய்து, பிள்ளைகளுக்கு விரைவில் உதவி கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். ஆனால், ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஓர் அமைப்பு அதனைக் கடுமையாக எதிர்த்தது. அதன் தலைவர் ஆரி நேமன் அப்போது கல்லூரி மாணவர். பெற்றோர் பலரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். அதே மாதத்தில் விளம்பரங்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. நல்ல நோக்கம் மட்டும் போதாது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரிடம் கேட்டுவிட்டுப் பேசவேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அப்படியானால், பெற்றோர் வாய்மூடி இருக்க வேண்டுமா? எங்கள் புளோக்கில் வசிக்கும் ஒரு தாயின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. அவர் பேசுவதில்லை. இரவிலும் அவரைத் தனியே விட முடியாது. 'மேடையில பேசுறவங்களப் பார்த்தா எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா, என் மகன் மேடை ஏற மாட்டான். அவனப் பத்தியும் யாராவது சொல்லணும்ல?' என்று அவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2021ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, நாள் முழுவதும் பராமரிப்புத் தேவைப்படுவோரைக் குறிக்கத் தனிப்பெயர் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. இல்லையென்றால், அவர்களின் தேவைகள் மறக்கப்பட்டுவிடும் என்பது ஆதரிப்போர் வாதம். தனிப்பெயர் சூட்டினால், அவர்களால் எதுவும் முடியாது என்று உலகம் முடிவு கட்டிவிடும் என்பது எதிர்ப்போர் வாதம்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எனினும், பேசாதவருக்குக் கருத்தே இல்லை என்று எண்ணுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே தாயின் மகன், விருப்பு வெறுப்புகளைப் பட அட்டைகளைக் கொண்டு தெரிவிப்பார். உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் புறப்படும்போது அவர் 'வேண்டாம்' என்ற அட்டையைக் காட்டினால், தாய் வற்புறுத்துவதில்லை. ஒருவர் அவருடன் வீட்டிலேயே இருந்துகொள்வார். மகனுக்காகப் பேசும் அந்தத் தாய், முதலில் மகன் சொல்வதைக் கேட்கிறார். பிறருக்காகப் பேசும் உரிமை அப்படித்தான் கிடைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நாம் பயன்படுத்தும் தமிழ்ச் சொற்களையும் இந்த நோக்கில் எண்ணிப் பார்க்கலாம். ஆட்டிசத்தை 'மதியிறுக்கம்' என்று எழுதுவோர் உண்டு. மதி என்பது அறிவு. அது இறுகிவிட்டது என்ற எண்ணத்தை அச்சொல் தந்துவிடுகிறது. 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று சொல்லும்போது, அது ஒரு விபத்துப்போல் தோன்றுகிறது. 'ஆட்டிசம் உள்ளவர்' என்பது எந்தத் தீர்ப்பும் வழங்காமல் செய்தியை மட்டும் சொல்கிறது. அதனால்தான் இக்கட்டுரையில் அதனையே பயன்படுத்தியிருக்கிறேன். தம்மை வேறுவிதமாக அழைக்கச் சொல்பவரை அவர் விரும்பும் சொல்லாலேயே அழைப்பது நம் கடமை.

உங்கள் வகுப்பிலோ அக்கம்பக்கத்திலோ ஆட்டிசம் உள்ள ஒருவர் இருக்கலாம். அவரைப் பற்றி முடிவு செய்வதற்கு முன்பு, திரையில் பார்த்தவரைச் சற்று மறந்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் தமக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதை வாயாலோ, கையாலோ, ஓர் அட்டையாலோ சொல்லக்கூடும். அதுவரை பொறுத்திருங்கள்.