இரண்டு எழுத்தும் இரு கரையும்

கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் சந்திக்கும் நெடிய எல்லையின் பெரும்பகுதியிலே கனடா வடக்கிலும் அமெரிக்கா தெற்கிலும் அமைந்துள்ளன. ஆயின் டிற்றொயிற் ஆறு பாயும் இடத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. அங்கே கனேடிய நகரமான வின்சர் தென்கரையிலும் அமெரிக்க நகரமான டிற்றொயிற் வடகரையிலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. 1929 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அம்பாசடர் பாலம் இரு கரைகளையும் இணைக்கின்றது. தென்கரையில் வாழ்ந்துகொண்டு வடகரை வைத்தியசாலைகளிற் கடமையாற்றி மாலையில் வீடு திரும்பும் தாதியர் பலர். பொருள்களும் மனிதரும் எளிதிற் கடக்கும் அவ்வாற்றை ஒரு பட்டம் மாத்திரம் நெடுங்காலம் எளிதிற் கடக்க இயலாதிருந்தது. அதுவே ஒஸ்தியோபதி வைத்தியரின் டீ.ஓ. என்னும் இரண்டெழுத்துப் பட்டம்.

வின்சரிற் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவளுக்குப் பெயர் தேவையில்லை. அவளைப் போன்றோர் பலர். வைத்தியராக வேண்டும் என்பது சிறுபிராயம் முதல் அவள் கொண்ட ஆசை. கனேடிய வைத்திய பீடங்களிலே இடங்கள் குறைவு. விண்ணப்பிப்போர் மிகப் பலர். தகைமையிருந்தும் இடங்கிடையாத அவள் ஆற்றைக் கடந்து, மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தின் ஒஸ்தியோபதி வைத்தியக் கல்லூரியிற் சேர்கின்றாள். முதற்பட்டத்தின் மேல் நான்காண்டுக் கல்வி. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், மருந்தியல், சத்திரசிகிச்சை, மகப்பேற்றியல் என ஏனைய வைத்திய மாணவர் கற்பன அனைத்தையும் அவளும் கற்கின்றாள். அவற்றுக்கு மேலாக, என்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் கைகளாற் பரிசோதித்துச் சிகிச்சை செய்யும் முறையில் ஏறத்தாழ 200 மணித்தியாலப் பயிற்சியும் பெறுகின்றாள். பட்டம் பெற்ற பின் வடகரையில் எவரும் அவளை ஐயுறுவதில்லை. தென்கரைக்கு மீண்டதும், அயலவரும் அலுவலரும் ஒரே வினாவைக் கேட்கின்றனர்: "நீர் எவ்வகை வைத்தியர்?"

இவ்வினா அறியாமையினால் மட்டும் எழுவதன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

அன்ட்றூ ரெயிலர் ஸ்ரில் என்பார் அமெரிக்க எல்லைப்புறத்திலே வைத்தியம் பார்த்தவர். 1864 ஆம் ஆண்டு மூளையுறை அழற்சி நோயினால் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். இரசத்தையும் குருதி வடித்தலையும் பெரிதும் நம்பியிருந்த அக்கால வைத்தியம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அத்துயரத்திலிருந்து அவர் வேறொரு வழியைத் தேடினார். உடலின் அமைப்புச் செம்மையாயின் நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலிலேயே உண்டு என்னும் கொள்கையை 1874 இல் வெளியிட்டார். என்பு, துன்பம் ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு ஒஸ்தியோபதி எனப் பெயரிட்டார். 1892 இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூரிலே தமது கல்லூரியைத் தொடங்கிப் பெண்களையும் மாணவராகச் சேர்த்துக்கொண்டார். எம்.டீ. பட்டத்தையே வழங்கச் சட்டம் இடமளித்தும், அதனை வேண்டாது டீ.ஓ. என்னும் தனிப்பட்டத்தை அவர் விரும்பி ஏற்றார். பழைய வைத்தியத்திலிருந்து தம் மாணவரை வேறுபடுத்திக் காட்டவே அவர் அவ்வாறு செய்தார். பின்வந்தோர் பல தலைமுறைகளாக அவ்வேறுபாட்டுக்கு விலை கொடுக்க நேருமென்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

1910 ஆம் ஆண்டு ஏபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்க, கனேடிய வைத்தியக் கல்வி பற்றி எழுதிய அறிக்கை ஒஸ்தியோபதிக் கல்லூரிகளைக் கடுமையாகச் சாடியது. அக்கண்டனம் பயனற்றுப் போகவில்லை. ஆய்வுகூடங்களும் வைத்தியசாலைப் பயிற்சியும் வளர்ந்தன; 1920களின் இறுதியில் மருந்தியலும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. மருந்தை மறுத்துப் பிறந்த வைத்தியம் மருந்தையும் சத்திரசிகிச்சையையும் தன்னுள் ஏற்று முழு வைத்தியமாயிற்று. எனினும் பெயர் மாறவில்லை.

பெயருக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதனைக் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டும். 1961 இல் அம்மாநிலத்து இரு வைத்தியச் சங்கங்களும் இணைந்தன. 65 டொலர் கட்டணம் செலுத்திய ஏறத்தாழ 2,000 டீ.ஓ. வைத்தியர்களுக்கு எம்.டீ. பட்டம் வழங்கப்பட்டது. முதல்நாள் டீ.ஓ. என்ற நிலையில் நோயாளரைப் பார்த்தவர் மறுநாள் எம்.டீ. என்ற நிலையிற் பார்த்தார். அவர் கையோ கண்ணோ மாறவில்லை. 1962 இல் புதிய டீ.ஓ. வைத்தியர்களைப் பதியும் வாயில் அம்மாநிலத்தில் அடைக்கப்பட்டது. 1974 இல் மாநில உச்ச நீதிமன்றமே அதனை மீளத் திறந்தது. 65 டொலரினால் ஒழிக்கத்தக்க வேறுபாடு எனின், அது கல்வியின் வேறுபாடாதல் எங்ஙனம்?

கலிபோர்னியாவுக்கு வெளியிலும் அமெரிக்க வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1966 இல் இராணுவம் டீ.ஓ. வைத்தியர்களை வைத்திய அதிகாரிகளாக ஏற்றது. 1969 இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் அவர்களை அங்கத்தவராக்கியது. 1973 இல் மிசிசிப்பியும் முழு உரிமை வழங்கியது. அதுவே அவ்வுரிமையை வழங்கிய இறுதி மாநிலம். 2018 முதல் வெள்ளை மாளிகையில் அடுத்தடுத்துச் சனாதிபதியின் வைத்தியராகப் பதவி வகித்த மூவரும் டீ.ஓ. பட்டதாரிகளே.

கனடாவின் நிலை வேறு. 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின்படி தொழில்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாகாணங்களுக்குரியது. எனவே வைத்தியரைப் பதியும் வாயில் ஒன்றன்று. ஒவ்வொரு மாகாணமும் தன் வாயிலையும் தன் காவலரையும் கொண்டுள்ளது. ஒன்ராறியோ மாகாணம் 1915 இல் நீதியரசர் ஹொட்ஜின்ஸ் தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அமைத்து வைத்தியக் கல்வியை ஆராய்ந்தது. 1925 இல் இயற்றப்பட்ட சட்டமோ ஒஸ்தியோபதி வைத்தியரை "மருந்திலா வைத்தியர்" என்னும் பிரிவிலே சேர்த்தது. தாய்நாட்டில் ஒஸ்தியோபதி மருந்தியலை ஏற்கத் தலைப்பட்ட அதே பத்தாண்டிலே, அண்டை நாட்டுச் சட்டம் அதனை மருந்திலா வைத்தியமாக உறையச் செய்தமை கவனிக்கத்தக்கது. கல்வி வளர்ந்து சென்றது. சட்டத்தின் வரைவிலக்கணம் நின்ற இடத்திலேயே நின்றது. சத்திரசிகிச்சைக் கூடத்திற் பயிற்சி பெற்றவரும் ஒன்ராறியோவில் இப்பிரிவின்கீழ்ப் பதியப்பட்டால், மருந்துச் சீட்டு எழுத உரிமையற்றவரானார்.

1991 ஆம் ஆண்டின் வைத்தியச் சட்டம் இந்நிலையை ஏறத்தாழத் தலைகீழாக்கியது. வைத்தியர், சத்திரசிகிச்சையாளர் என்னும் பெயர்களுடன் "ஒஸ்தியோபத்" என்னும் பெயரையும், மாகாணத்தின் வைத்தியர், சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் அங்கத்தவர் மாத்திரமே பயன்படுத்தலாம் என அச்சட்டம் விதித்தது. இங்குக் கல்லூரி என்பது கற்பிக்கும் நிலையமன்று. வைத்தியரைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு. 1925 இல் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சொல் 1991 இல் வீட்டினுள்ளே வைத்துப் பூட்டப்பட்டது. இரு சட்டங்களுக்கும் இடையில் அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்தன.

ஆயினும் வாயிற்காவலர் மீதே முழுப்பழியையும் சுமத்துதல் நீதியாகாது. ஒஸ்தியோபதி என்னும் சொல் உலகெங்கும் ஒரே பொருளில் வழங்கவில்லை. ஸ்ரில் அவர்களின் கல்லூரியோடு தொடர்புடைய ஜோன் மார்ட்டின் லிற்றில்ஜோன் 1917 இல் இலண்டனிலே பிரித்தானிய ஒஸ்தியோபதிப் பள்ளியை நிறுவினார். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் அது கைவழிச் சிகிச்சையாகவே வளர்ந்தது. அதனைப் பயின்றோர் அங்கு வைத்தியராகக் கருதப்படுவதில்லை. கனடாவிலும் அவ்வழியிற் பயின்று கைவழிச் சிகிச்சை செய்வோர் பலர் உள்ளனர். அவர்களுட் பலர் முதுகுவலியாலும் மூட்டு வலியாலும் வருந்துவோருக்கு நேர்மையுடன் பணிபுரிகின்றனர். ஆயின் அவர்கள் மருந்து எழுதவோ சத்திரசிகிச்சை செய்யவோ பயின்றவர் அல்லர். டீ.ஓ. என்னும் எழுத்துகள் அமெரிக்காவில் வைத்தியப் பட்டத்தையும், வேறிடங்களில் கைவழிச் சிகிச்சைச் சான்றிதழையும் குறிக்க வழங்கியுள்ளன. நெஞ்சுவலியோடு வரும் நோயாளி இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதோ? அந்நோயாளியைக் காப்பதே பதிவு அமைப்பின் முதற்கடமை. அவ்வகையில் ஐயுறுதல் குற்றமன்று. ஐயத்தைத் தீர்க்கும் வழியிருந்தும் தீர்க்காது விடுதலே குற்றம்.

வழி இல்லாமலும் இல்லை. பட்டத்தின் எழுத்துகளை விடுத்து, அதனை வழங்கிய கல்லூரியை மதிப்பிட்டவர் யார் என்று வினவுவதே அவ்வழி. 1942 இல் உருவான ஒரு குழு அமெரிக்க எம்.டீ. கல்லூரிகளை மதிப்பிட்டு வந்தது; கனேடியக் கல்லூரிகளும் பல தசாப்தங்கள் அதே குழுவின் மதிப்பீட்டிற்கு உட்பட்டிருந்தன. ஆதலின் அமெரிக்க எம்.டீ. பட்டதாரி கனடாவுக்கு அயலாராகத் தோன்றவில்லை. ஒஸ்தியோபதிக் கல்லூரிகளை மதிப்பிட்டதோ வேறொரு குழு. கனடாவில் அத்தகைய வைத்தியக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. எனவே டீ.ஓ. பட்டதாரியின் கல்வியை உள்ளிருந்து அறிந்து, அவருக்காக ஒரு சொல் சொல்லக்கூடிய பேராசிரியரும் பழைய மாணவரும் கனேடியச் சபைகளில் அருகியே இருந்தனர். அறிமுகம் இல்லாமை தகுதி இல்லாமையாகத் தோன்றிற்று.

அண்மைக்காலத்தில் இத்தோற்றம் மறைந்து வருகின்றது. அமெரிக்காவில் எம்.டீ. பட்டதாரிக்கும் டீ.ஓ. பட்டதாரிக்கும் தனித்தனியே நிகழ்ந்த பட்டப்பின் பயிற்சிகளை ஒரே மதிப்பீட்டு முறையின்கீழ்க் கொணர 2014 இல் உடன்பாடு காணப்பட்டது. 2020 இல் அது நிறைவேறியது. இன்று இருவரும் ஒரே விடுதியில், ஒரே நோயாளியின் கட்டிலருகே, ஒரே நிபுணரின் மேற்பார்வையிற் பயில்கின்றனர். கனடாவில் ஒன்ராறியோ, கியூபெக், அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா உள்ளிட்ட மாகாணங்களில், உரிய மதிப்பீடு பெற்ற அமெரிக்கக் கல்லூரியின் டீ.ஓ. பட்டதாரி, ஏனைய நிபந்தனைகளையும் நிறைவு செய்யின், முழு வைத்தியராகப் பதிவு பெற இயலும். 2025 இல் பிரிட்டிஷ் கொலம்பியா மேலும் ஒருபடி சென்று, அமெரிக்க ஒஸ்தியோபதிச் சங்கத்தின் விசேட நிபுணத்துவச் சான்றிதழையும், மேலதிகப் பரீட்சையின்றிப் பதிவு வழங்கத்தக்க சான்றிதழ்களுள் ஒன்றாக ஏற்றது.

இம்மாற்றம் நீதியுணர்வினால் மட்டும் விளைந்தது என்று கூறுதற்கில்லை. 2022 இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு ஒன்றின்படி, கனடாவின் வயதுவந்தோரில் ஆறு மில்லியனுக்கும் மேற்பட்டோர் குடும்ப வைத்தியர் இன்றி இருந்தனர். வாயிலைத் தட்டிய கைகளில் வைத்தியரின் கையோடு நோயாளரின் கையும் சேர்ந்துகொண்டது. தேவை மிகும்போது அங்கீகாரம் விரைந்து வருவதும், தேவை குறையும்போது அது தயங்குவதும் உலக வழக்கம். ஆயின் தேவையினால் மட்டும் திறந்த வாயில் தேவை தீர்ந்தபின் மீண்டும் மூடப்படலாம். கலிபோர்னியாவின் வரலாறு இதற்குச் சான்றாகும்: திறந்திருந்த வாயில் 1962 இல் அடைபட்டது, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதனைத் திறக்க நீதிமன்றம் வேண்டியிருந்தது. கற்ற கல்வியின் தரத்தை அளந்து வழங்கும் அங்கீகாரமே நிலைபெறும்.

இவ்வகையில் வைத்தியப் பதிவு பற்றிய இச்சிறு விவகாரம் கல்வியுலகு முழுமைக்கும் பொருந்தும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. பட்டம் என்பது அறிவின் சுருக்கெழுத்து. சுருக்கெழுத்தை வாசிக்கக் கற்காதவருக்கு அது வெறும் கீறல். வாசிக்கும் பொறுப்பு, பட்டத்தைக் கேட்கும் நிறுவனத்துக்கு உரியது. எழுதியதைத் தெளிவாக எழுதும் பொறுப்பு, பட்டத்தை வழங்கும் கல்லூரிக்கு உரியது. இவ்விரு பொறுப்புகளும் தவறுமிடத்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனிதரே தண்டிக்கப்படுகின்றார்.

வின்சர் மாணவி இன்று தென்கரையிற் பதிவு பெறலாம். பத்திரங்களை நிரப்பி, சான்றுகளை அனுப்பி, மறுமொழிக்குக் காத்திருந்து, ஈற்றில் அவள் தன் ஊரிலேயே ஒரு சிகிச்சை நிலையத்தைத் திறக்கலாம். முதல்நாள் வரும் முதிய நோயாளி சுவரில் மாட்டிய பட்டத்தை உற்று நோக்கி, அப்பழைய வினாவையே கேட்கக்கூடும். அவள் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை விடையாகக் கூற வேண்டியதில்லை. நாற்காலியை அருகே இழுத்து, "எங்கே நோகிறது?" என்று கேட்பாளாயின், வைத்தியர் எவ்வகையினர் என்பது சிறிது நேரத்தில் விளங்கிவிடும். ஆனால் அந்நாற்காலி வரை அவள் வந்துசேர்வதற்குச் சட்டம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. அக்காலமெல்லாம் அந்நாற்காலியின் எதிரே நோயாளர் தனித்தே அமர்ந்திருந்தனர்.