ஒழுகின கூரையும் நம்ம அரசமரமும்

 

கோயிலை ஒட்டின நம்ம கடையில தையல் கடை வச்சிருக்கிற அக்காவைப் பற்றி நிறைய பேர் கேட்கிறீங்க. "கோயிலுக்கே வாடகை கட்ட மாட்டேங்கிறாங்களாமே" என்று ஒரு பேச்சு ஓடுது. தொண்டர்கள் நாங்க பார்த்ததை எழுதிடறோம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெய்த மழையில அந்தக் கூரை ஒழுகிடுச்சு. வெட்டி வச்சிருந்த 14 ரவிக்கைத் துணி, ஓரம் தைக்க வந்த 3 பட்டுச் சேலை, எல்லாம் நனைஞ்சு சாயம் இறங்கிப் போச்சு. அத்தனையும் வாடிக்கையாளருங்களோட துணி. அந்த மாசம் அக்கா வாடகை தரல.

நிர்வாகக் கூட்டத்துல எல்லாருக்கும் கோபம். அந்த வாடகையிலதான் வெள்ளிக்கிழமை அன்னதானம் நடக்குது. "ஏர்கோன் மாட்ட வந்த ஆள் கூரையில ஏறி ஓட்டை உடைச்சிருப்பான், அவங்களே செய்யட்டும்" என்று ஒருத்தர் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

பொருளாளர் ஐயாதான் ஒப்பந்தத்தை எடுத்துட்டு வரச் சொன்னார். கையெழுத்துப் போட்ட நாளுக்கு அப்புறம் யாரும் அதைத் திறக்கவே இல்லை. மூணு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸா இருந்தா நில அலுவலகத்துல பதியணும். நம்மது இரண்டு வருஷ வாடகை ஒப்பந்தம், முத்திரை வரி கட்டினதோட சரி. அதனால தாள்ல என்ன எழுதியிருக்குன்னுதான் முதல்ல பார்க்கணும். கூரை, முக்கியச் சுவர், வடிகால் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. உள்பக்கப் பூச்சு, கதவு, ஷட்டர், விளக்கு, குழாய் வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு, வழக்கமான தேய்மானம் நீங்கலாக. அவங்க தனியா மாட்டினதால வர்ற சேதமும் அவங்களுது. இன்னொரு வரி, வாடகையில எந்தக் காரணத்துக்கும் பிடித்தம் செய்யக் கூடாது. ஆக அக்கா வாடகையை நிறுத்தினது தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறினோம். ஏர்கோன் குழாய் போகிற ஓட்டையில சிமெண்ட் விட்டிருந்தது உண்மை. ஆனா அது கடையோட பின்பக்கம். துணி நனைஞ்ச இடத்துக்கு நேர் மேல இருந்தது மழைநீர்க் காடி. அது முழுக்க நம்ம அரசமரத்து இலை. நடுவுல ஒரு கன்றே வேர் விட்டு நிக்குது. தண்ணி போக வழியில்லாம ஓட்டுக்கு அடியில ஏறி உள்ளே இறங்கியிருக்கு. தினமும் சுத்தி வந்து கும்பிடுற மரம், நிமிர்ந்து கூரையைப் பார்க்கத்தான் யாருக்கும் தோணல.

கீழே இறங்கினதும் அக்கா போனைக் காட்டினாங்க. ஆகஸ்ட் மாசமே ஈரக் கறையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. "பார்க்கிறோம் அக்கா" என்று பதில் போட்டது நாங்கதான்.

ஃபேக்டரியில மெஷின் நின்னா ஆபரேட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி சர்வீஸ் கார்டைத்தான் புரட்டுவோம். கோயில் வேலையில அந்தப் பழக்கத்தை எங்கே விட்டோம்னு தெரியல.

கூரையும் காடியும் கோயில் செலவுல செஞ்சாச்சு. ஏர்கோன் ஓட்டையை அக்கா அடைச்சுட்டாங்க, நின்ன வாடகையும் கட்டிட்டாங்க. நனைஞ்ச துணிக்கு யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல ஒரு வரியும் இல்லை. சேலைக்காரங்ககிட்ட அக்காவோட நாங்களும் போய் மன்னிப்புக் கேட்டோம். பணத்துல பாதியைத் தொண்டர்கள் எங்க கையிலிருந்து போட்டோம், உண்டியல் பணம் தொடல.

இனிமே மாசம் ஒரு தடவை காடி சுத்தம். இந்தச் சனிக்கிழமை காலை 8 மணி. ஏணி பிடிக்க இரண்டு பேர் வேணும், பேர் கொடுங்க.